பிங் போகிறது, மென்பொருளில் மட்டும் சிவப்பு: நெட்வொர்க் கண்காணிப்பில் கோளாறை எங்கே தேடுவது?

வந்த கேள்வி சுருக்கமாக இது. ஒரு பொறியியல் கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை புதிதாகக் கைக்கு வந்திருக்கிறது. ஐந்து கட்டடம், 160 சுவிட்ச், விபிஎன் வழியாக இணைந்த ஒரு கிளை வளாகம். முன்பிருந்தவர் லிப்ரெஎன்எம்எஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளை நிறுவிவிட்டுப் போயிருக்கிறார். அதைப் புதிய சர்வருக்கு மாற்றியதிலிருந்து தொல்லை. சில சுவிட்சுகளுக்கு பிங் (‘இருக்கிறாயா’ என்று தட்டிப் பார்க்கும் சிறு செய்தி) போகிறது, மென்பொருளோ ‘டவுன்’ என்கிறது. கிளை வளாகத்தின் கிராஃபில் நடுநடுவே ஓட்டை. 10 ஜிபி (நொடிக்கு 10 ஜிகாபிட்) இணைப்பு ஒன்று 100 எம்பியை (மெகாபிட்டை) தாண்டவே மாட்டேன் என்கிறது. இரவில் கரண்ட் போனால் போனில் இருநூறு அலர்ட். பேசாமல் வேறு மென்பொருள் வாங்கிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை புதிய மென்பொருளிலும் அப்படியே வந்து உட்காரும். லிப்ரெஎன்எம்எஸ், ஜாபிக்ஸ், நாகியோஸ், பிஆர்டிஜி என்று பெயர் எதுவாக இருந்தாலும் அடியில் நடப்பது ஒன்றுதான். ஒரு சர்வர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியிடமும் ‘எப்படி இருக்கிறாய், எத்தனை பைட் போனது’ என்று கேட்கிறது. வந்த பதிலை எழுதி வைக்கிறது, வராவிட்டால் சிவப்பு அடிக்கிறது. ஆகவே திரையையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அது கேட்ட அதே கேள்வியை, அது இருக்கும் அதே இடத்திலிருந்து, நாம் ஒருமுறை கையால் கேட்டுப் பார்க்க வேண்டும். கீழே நான் சொல்லப்போகும் பெரும்பாலானவற்றுக்கும் இதுதான் முதல் படி.

‘பிங் போகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கிருந்து? உங்கள் லேப்டாப்பிலிருந்து என்றால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். லேப்டாப் வேறு விலேனில், அதாவது நெட்வொர்க்கின் வேறொரு தனிப்பிரிவில் இருக்கும், வேறு ஃபயர்வால் விதி அதற்கு. கண்காணிப்பு சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் போட்டு, அங்கிருந்து பிங் அடியுங்கள். அது போனாலும் பாதிக் கிணறுதான். பிங் போவது ஐசிஎம்பி என்ற நெறிமுறையில். தகவல் கேட்பது எஸ்என்எம்பி என்ற வேறு நெறிமுறையில், யுடிபி 161ஆம் போர்ட் வழியாக. ஒன்றுக்குக் கதவு திறந்திருந்தால் மற்றதற்கும் திறந்திருக்கும் என்று அர்த்தமில்லை. லிப்ரெஎன்எம்எஸ் ஒரு கருவியை டவுன் என்று குறிக்கும்போது காரணம் ஐசிஎம்பியா எஸ்என்எம்பியா என்பதையும் சேர்த்தே குறித்து வைக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

எஸ்என்எம்பி என்றால் அதே சர்வரிலிருந்து எஸ்என்எம்பி கெட் கட்டளையில் 1.3.6.1.2.1.1.3.0 என்ற எண்ணைக் கேளுங்கள். ‘கடைசியாக எப்போது உயிர் பெற்றாய்’ என்பதுதான் அந்த எண்ணின் பொருள், அதாவது அப்டைம். எல்லாக் கருவிகளும் பதில் சொல்லக்கூடிய மிகச் சிறிய கேள்வி இது. பதில் வந்தால் பாதை சரி, மென்பொருளில் பதிந்திருக்கும் விவரம்தான் தப்பு. ‘டைம்அவுட்’ என்று வந்தால்தான் தலைவலி. ஏனென்றால் எஸ்என்எம்பியின் வி2சி பதிப்பில், கடவுச்சொல் மாதிரி வேலை செய்யும் கம்யூனிட்டி எழுத்துத்தொடர் தப்பாக இருந்தால் ‘தப்பு’ என்று கருவி சொல்லாது. ஒன்றுமே பேசாது. கருவி செத்துக் கிடப்பது, ஃபயர்வால் மறிப்பது, கம்யூனிட்டியில் ஓர் எழுத்து மாறியிருப்பது, மூன்றும் நமக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

உங்கள் விஷயத்தில் சர்வர் மாறியிருக்கிறது, அதனால் ஐபியும் மாறியிருக்கும். சுவிட்சுகளில் ‘இந்த ஐபியிலிருந்து வந்தால் மட்டும் எஸ்என்எம்பிக்குப் பதில் சொல்’ என்று அணுகல் பட்டியல் போட்டிருப்பார்கள், அதில் பழைய ஐபி மட்டுமே இருக்கும். சில சுவிட்சுகள் மட்டும் சிவப்பாக இருப்பதற்கு என் முதல் சந்தேகம் இதன்மேல்தான். முன்பிருந்தவர் பொறுப்பாக வேலை செய்த கட்டடங்களில் பட்டியல் இருக்கும், அவசரத்தில் மாட்டிய கட்டடங்களில் இருக்காது. அதாவது ஒழுங்காகப் பூட்டிய வீடுதான் இப்போது உங்களை உள்ளே விடாமல் வெளியே நிறுத்துகிறது.

இதில் நானே மாட்டிய கதை ஒன்று. கம்யூனிட்டியில் டாலர் குறி ஒன்று இருந்தது. கட்டளையில் அதை இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்தேன். லினக்ஸ் ஷெல், டாலருக்குப் பின்னால் வந்த எழுத்துகளை ஏதோ மாறியின் பெயர் என்று எண்ணி, அப்படி ஒன்று இல்லாததால் வெற்றிடமாக்கி அனுப்பிவிட்டது. மென்பொருளில் பச்சை, கையால் கேட்டால் டைம்அவுட். உங்களுக்கு நடப்பதற்கு நேர் எதிர். அரை நாள் ஃபயர்வால்காரரோடு சண்டை போட்டுவிட்டு, ஒற்றை மேற்கோளுக்கு மாற்றினேன், ஒரே நொடியில் பதில் வந்தது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், டீயும் வாங்கிக் கொடுத்தேன். சிறப்புக் குறிகள் இருந்தால் ஒற்றை மேற்கோள். கம்யூனிட்டியில் ‘அட்’ குறியையும் தவிருங்கள். சிஸ்கோவின் பல சுவிட்சுகள் அந்தக் குறிக்குப் பின்னால் வருவதை விலேன் எண் என்று எடுத்துக்கொள்ளும்.

டைம்அவுட் தொடர்ந்தால் யூகம் செய்துகொண்டிருக்க வேண்டாம். போய்வரும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓட விட்டு, அந்தச் சுவிட்சின் ஐபியும் 161ஆம் போர்ட்டும் வரும் பாக்கெட்டுகளைப் பாருங்கள். நம் பக்கமிருந்து கேள்வி போகிறது, பதிலே இல்லை என்றால் மறிப்பு அல்லது கம்யூனிட்டி. பதில் வருகிறது, ஆனால் நாம் கேட்ட ஐபியிலிருந்து வரவில்லை, வேறொரு ஐபியிலிருந்து வருகிறது என்றால் விஷயம் வேறு. ஒன்றுக்கு மேற்பட்ட விலேன் முகவரி உள்ள எல்3 சுவிட்ச் (ரூட்டர் வேலையும் பார்க்கும் சுவிட்ச்) தனக்கு அருகிலிருக்கும் வழியாகப் பதில் அனுப்பும். வழியிலுள்ள ஃபயர்வால் ‘இவரை யாரும் கூப்பிடவில்லையே’ என்று தூக்கிப் போட்டுவிடும். டம்ப்பில் அப்படித் தெரிந்தால் நிர்வாக முகவரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கேள்வியும் பதிலும் அதன் வழியாகவே நடக்கச் செய்யுங்கள். ஐபிக்கு வடிகட்டி போட்டு டம்ப் எடுத்தால் இந்த வேறு ஐபிப் பதில் கண்ணில் படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் போர்ட்டுக்கு மட்டும் வடிகட்டி போட்டு ஒருமுறை பாருங்கள்.

லினக்ஸ் சர்வர்களைச் சேர்க்கும்போது வரும் தொல்லை தனி ரகம். டெபியன், உபுன்டுவில் எஸ்என்எம்பிக்குப் பதில் சொல்லும் சேவையான எஸ்என்எம்பிடியை நிறுவினால், தொடக்க அமைப்பில் அது 127.0.0.1இல், அதாவது தனக்குள்ளிருந்து வரும் கேள்விக்கு மட்டும் காது கொடுக்கும். வெளியிலிருந்து கேட்டால் பதில் கிடைக்காது. அதைத் திருத்தியதும் பெயரும் அப்டைமும் வரும், டிஸ்க்கும் இன்டர்ஃபேஸும் வராது. மென்பொருளில் கோளாறு என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். உண்மையில் அதே கோப்பில் ‘சிஸ்டம் ஒன்லி’ என்று ஒரு பார்வை எல்லை இருக்கும். அடிப்படை விவரம் தவிர வேறு எதையும் காட்டாதே என்பது அதன் உத்தரவு. எல்லையை விரித்துவிட்டு சேவையை ரீஸ்டார்ட் செய்தால் மீதியும் வந்துவிடும்.

எஸ்என்எம்பியின் வி3 பதிப்புக்கு மாறும் எண்ணம் இருந்தால் நல்லது, மாறுங்கள். கோளாறு கண்டுபிடிக்கவும் அது எளிது. பயனர் பெயர் தப்பு என்றால் தெரியாத பயனர் என்றும், பாஸ்வேர்ட் தப்பு என்றால் அங்கீகாரம் தவறியது என்றும் பதில் வரும், வி2சி மாதிரி ஊமையாக இருக்காது. ஆனால் அதற்கென்று ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ‘என்ஜின் ஐடி’ என்று தனி அடையாளம். அதோடு எத்தனை முறை பூட் ஆனது, பூட் ஆகி எத்தனை நொடி ஆனது என்ற கணக்கும் சேர்ந்து போகும். அந்தக் கணக்கில் 150 நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பாக்கெட்டை ஏற்காது. ஒரு விர்ச்சுவல் மெஷினைக் குளோன் செய்து பத்து ஆக்கினால் பத்துக்கும் ஒரே என்ஜின் ஐடி இருக்கக்கூடும். ஒரு சுவிட்சின் கான்ஃபிகை நகலெடுத்து, என்ஜின் ஐடி வரியையும் சேர்த்து, இன்னொன்றில் ஒட்டினாலும் இதே கதை. அப்போது கண்காணிப்பு சர்வர் இரண்டையும் ஒரே ஆள் என்று நினைத்துக் குழம்பும். ஒரு நேரம் இது பச்சை, அது சிவப்பு. அடுத்த நேரம் அது பச்சை, இது சிவப்பு. மாறி மாறி எரியும் இரண்டு கருவிகளைப் பார்த்தால் உடனே இரண்டின் என்ஜின் ஐடியையும் ஒப்பிடுங்கள். மாற்றிய பிறகு அந்தக் கருவியில் வி3 பயனரையும் புதிதாக உருவாக்க வேண்டும். பாஸ்வேர்டிலிருந்து பிறக்கும் சாவி என்ஜின் ஐடியோடு சேர்த்தே செய்யப்பட்டது, ஐடி மாறினால் பழைய சாவி பொருந்தாது.

அடுத்து கிராஃபில் ஓட்டை. லிப்ரெஎன்எம்எஸ் சாதாரணமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்று வரும். சேமிக்கும் ஆர்ஆர்டி கோப்பு 600 நொடி வரை பொறுத்துப் பார்க்கும், அதற்குள் புதிய எண் வராவிட்டால் அந்த இடத்தை வெற்றிடம் என்று எழுதிவிடும். ஆக ஓட்டை என்றால் ஒரு சுற்று நேரத்துக்கு முடியவில்லை, அல்லது பதில் வரவில்லை. எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் ஓட்டை இருந்தால் சர்வர் பக்கம் கோளாறு: டிஸ்க் மெதுவாகிறது, டேட்டாபேஸ் திணறுகிறது, அல்லது அந்த நேரத்தில் பேக்கப் ஓடுகிறது. ஒரே கருவியில் மட்டும் என்றால் அந்தக் கருவி. ஒரே வளாகம் முழுக்க என்றால் இணைப்பு. உங்களுடையது மூன்றாவது வகை.

மென்பொருளில் போலர் (கருவிகளிடம் சுற்றிவந்து கேட்கும் பகுதி) பக்கத்தில் ஒவ்வொரு கருவிக்கும் எத்தனை நொடி ஆகிறது என்ற பட்டியல் இருக்கும். கிளை வளாகத்தின் சுவிட்சுகள் அதன் தலையில் நின்றால் ஆச்சரியப்பட மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 48 போர்ட், ஒவ்வொன்றுக்கும் 20 விவரம் என்றால் 960 எண்கள். விபிஎன்னில் போய்வர 40 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகக் கேட்டால் 38 நொடி ஆகும். ஒரு தடவைக்கு 25 வீதம் மொத்தமாகக் கேட்டால் 40 கேள்வி, 1.6 நொடி. எஸ்என்எம்பி முதல் பதிப்பில் இந்த மொத்தக் கேள்வி கிடையாது, இரண்டாவதில்தான் வந்தது. தொலைவிலிருக்கும் கருவி தவறுதலாக வி1 என்று பதிவாகியிருந்தால் இப்படித்தான் ஊர்ந்து போகும்.

ஆனால் மொத்தமாகக் கேட்பதிலும் ஒரு வம்பு உண்டு, விபிஎன் என்றாலே எனக்கு ஞாபகம் வருவது அதுதான். 25 வரி சேர்ந்த பதில் சில சமயம் 1500 பைட்டைத் தாண்டிவிடும். யுடிபி பாக்கெட் துண்டாகும். துண்டான பாக்கெட்டை வழியிலுள்ள ஃபயர்வால் ஏதாவது ஒன்று விழுங்கிவிடும். அப்போது தெரியும் காட்சி வேடிக்கையானது. அப்டைம் கேட்டால் உடனே பதில், பெயர் கேட்டால் பதில், இன்டர்ஃபேஸ் அட்டவணை கேட்டால் டைம்அவுட். சிறிய கேள்வி பிழைக்கிறது, பெரிய கேள்வி சாகிறது. நெட்-எஸ்என்எம்பி கருவிகள் பொதுவாக ஒரு நொடி காத்திருந்து ஐந்து முறை திரும்பக் கேட்கும், அதாவது தொலைந்துபோகும் ஒவ்வொரு கேள்விக்கும் ஆறு நொடி வீண். அப்படி ஐம்பது சேர்ந்தால் 300 நொடி, ஒரு சுற்றே காலி. சோதிக்க, அட்டவணையை மொத்தமாகக் கேட்டு வாங்கும் பல்க் வாக் கட்டளையில் ஒரு தடவைக்கு 5 வரி மட்டும் கேள் என்று கொடுங்கள். அது போய், 25 போகாவிட்டால் விஷயம் உறுதி. மென்பொருளில் அந்தக் கருவியின் எஸ்என்எம்பி அமைப்பில் ‘மேக்ஸ் ரிப்பீட்டர்ஸ்’ என்ற கட்டத்தில் குறைந்த எண்ணைப் போடுங்கள். விபிஎன்னின் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை) சரிசெய்வது நிரந்தரத் தீர்வு. ஆனால் அது உங்கள் கையில் இருக்கிறதோ இல்லையோ.

பெரிய ரூட்டர்களில் இன்னொன்று. முழு ரூட்டிங் அட்டவணையையும் ஏஆர்பி (எந்த ஐபி எந்தக் கருவி என்ற) அட்டவணையையும் எஸ்என்எம்பி வழியாக வரி வரியாகக் கேட்டால் ரூட்டரின் சிபியூ ஏறிவிடும். கண்காணிக்கப் போய் நாமே நோயாகிவிடக் கூடாது. தேவையில்லாத மாட்யூல்களை அந்தக் கருவிக்கு மட்டும் அணைத்துவையுங்கள். சிபியூ கிராஃபில் சரியாக 5 நிமிடத்துக்கு ஒரு முள் தெரிந்தால் அது நாம் குத்திய முள்தான்.

இனி அந்த 10 ஜிபி இணைப்பு. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதற்குக் கணக்கே சாட்சி. சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ‘இதுவரை எத்தனை பைட்’ என்று ஓடும் மீட்டர் உண்டு. மென்பொருள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரைப் படித்து, முந்தைய எண்ணைக் கழித்து, 300 நொடியால் வகுக்கிறது. வீட்டு மின்சார மீட்டர் கணக்கெடுப்பு மாதிரிதான். பழைய மீட்டர் 32 பிட். 429,49,67,296 பைட் வந்ததும் சுழன்று பூஜ்யத்துக்கு வந்துவிடும். 100 எம்பி வேகத்தில் அது நிரம்ப 343 நொடி, ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். 1 ஜிபி வேகத்தில் 34 நொடி. 10 ஜிபியில் மூன்றரை நொடிகூட இல்லை. நாம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதற்குள் மீட்டர் எண்பது தடவைக்கு மேல் சுற்றியிருக்கலாம். ஒரு சுற்று என்றால் மென்பொருள் ஊகித்துக்கொள்ளும், எண்பதை எப்படி ஊகிக்கும்? இந்த மீட்டரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் அதிகபட்சம் காட்டக்கூடிய வேகம் 114.5 எம்பி. கிராஃப் அந்த உயரத்தில் கூரையில் முட்டிய மாதிரி நின்றாலோ, கீழே காரணமில்லாமல் குதித்தாலோ இதுதான்.

மருந்து 64 பிட் மீட்டர். இன்டர்ஃபேஸ் அட்டவணையின் நீட்சியில், 1.3.6.1.2.1.31.1.1.1.6 என்ற எண்ணின் கீழே உள்வரும் பைட் கணக்கு இருக்கிறது. அதைக் கையால் ஒரு தடவை வாக் செய்து பாருங்கள். வந்தால் சுவிட்ச் நல்ல பிள்ளை, மென்பொருளில் அந்தச் சுவிட்ச் வி1 என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வி1க்கு 64 பிட் எண்ணையே கையாளத் தெரியாது. வி2சி என்று மாற்றி, ரீடிஸ்கவர் கொடுங்கள், அடுத்த சில சுற்றுகளில் கிராஃப் எழுந்து நிற்கும். பழைய தவறான எண்களைத் திருத்த வழியில்லை, அவை அப்படியே இருக்கும். முதல்வருக்குக் காட்டும் அறிக்கையில் அந்த மாதங்களைச் சேர்க்காதீர்கள்.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். 10 ஜிபி போர்ட்டின் வேகத்தை 4.29 ஜிபி என்று காட்டினால் அதே 32 பிட் கதைதான். வேகத்தைச் சொல்லும் பழைய எண்ணுக்கு அதற்கு மேல் எழுதத் தெரியாது. மெகாபிட் கணக்கில் சொல்லும் புதிய எண்ணைப் படிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ‘80 சதவீதம் நிரம்பினால் அலர்ட்’ என்று வைத்திருந்தால், 3.4 ஜிபியிலேயே அலாரம் அடித்து, இணைப்பை விரிவாக்க வேண்டும் என்று பட்ஜெட் வரை போய்விடும்.

எண்கள் சரி, ஆள் தப்பு என்பதும் உண்டு. சுவிட்ச் ரீபூட் ஆனபிறகு, அல்லது ஒன்றாகக் கோத்த சுவிட்சுகளின் ஸ்டாக்கில் ஒன்றைச் சேர்த்தபிறகு, நூலகத்தின் டிராஃபிக் விடுதியின் பெயரில் ஓடும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் சுவிட்ச் தானாகக் கொடுக்கும் வரிசை எண், இஃப்-இன்டெக்ஸ், இடம் மாறியிருக்கும். சிஸ்கோவில் அந்த எண்களை ரீபூட்டுக்குப் பிறகும் நிலையாக வைக்க ஒரு கட்டளை உண்டு. இல்லாத கருவிகளுக்கு லிப்ரெஎன்எம்எஸ்ஸில் போர்ட்டை எண்ணால் அடையாளம் காணாமல் பெயரால் அடையாளம் காணும்படி மாற்றிவைக்கலாம்.

ஒன்றுமே நடக்காமல் ‘ரீபூட் ஆனது’ என்று அலர்ட் வந்தால் பதறாதீர்கள். அப்டைம் கணக்கு நொடியில் நூறில் ஒரு பங்காக ஓடுகிறது, அதுவும் 32 பிட். 497 நாளும் இரண்டரை மணி நேரமும் ஆனால் சுழன்று பூஜ்யம். ஒரே வாரத்தில் மாட்டிய சுவிட்சுகள் ஒன்றரை வருடம் நெருங்கும்போது ஒரே வாரத்தில் வரிசையாக ‘ரீபூட்’ ஆகும். முதல் முறை இதைப் பார்த்தபோது யூபிஎஸ் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு பேட்டரியைச் சோதிக்கச் சொன்னேன். அவர் சோதித்து நன்றாக இருக்கிறது என்றார், நான் நம்பவில்லை. வி3 இயங்கும் கருவியில் 1.3.6.1.6.3.10.2.1.3.0 என்ற எண்ணைக் கேளுங்கள். அது நொடிக் கணக்கில் ஓடுவது, பல பத்தாண்டு சுழலாது. அதுவும் சிறியதாக இருந்தால்தான் உண்மையான ரீபூட்.

இரவு அலர்ட்டுகளுக்கு வருவோம். ஒரு கட்டடத்தின் மற்ற சுவிட்சுகளையெல்லாம் இணைக்கும் டிஸ்ட்ரிபியூஷன் சுவிட்ச் கரண்ட் இல்லாமல் விழுந்தால் அதன் பின்னாலிருக்கும் முப்பதும் எட்டாது. முப்பதும் தனித்தனியாகக் கத்தும், திரும்ப வரும்போது முப்பதும் ‘வந்துவிட்டேன்’ என்று சொல்லும். ஒரு சம்பவத்துக்கு அறுபது செய்தி. ஒரு மாதம் இப்படிப் போனால் போனை மௌனத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் பழகிவிடுவீர்கள், புலி நிஜமாக வரும் இரவில் தெரியாது. சுவிட்சுகளுக்குத் தாய், பிள்ளை உறவைப் பதிவுசெய்யுங்கள். தாய் டவுன் என்றால் பிள்ளைகளுக்கு அலர்ட் வராது. 160க்கும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஐந்து கட்டடத்தின் ஐந்து தாய்களுக்குக் கீழ் மற்றவற்றை அடுக்கினாலே பெரும்பாலான சத்தம் அடங்கும். இரண்டு பாதை உள்ள ரிங் அமைப்பாக இருந்தால் இந்த உறவு முழுதாகப் பொருந்தாது, அந்த இடங்களில் கொஞ்சம் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்புறம் தாமதம். ஜெனரேட்டர் எடுக்க ஆகும் நேரத்தை விடச் சற்று அதிகமாக, ‘பத்து நிமிடம் தொடர்ந்து டவுன் என்றால் சொல்’ என்று வையுங்கள். எல்லாக் கட்டடமும் வந்து சேரும் கோர் சுவிட்சுக்கு மட்டும் தாமதம் வேண்டாம். பாக்கெட் இழப்பு அலர்ட்டுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரூட்டரையே பிங் அடித்து 5 சதவீதம் இழப்பு என்றால், அதன் வழியாகப் போகும் டிராஃபிக்கிலும் இழப்பு என்று சொல்ல முடியாது. தனக்கு வரும் பிங்குக்குப் பதில் சொல்வது ரூட்டருக்குக் கடைசி வேலை, அளவும் கட்டியிருப்பார்கள். அதைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கருவியைப் பிங் அடித்து, அதிலும் இழப்பு இருந்தால் மட்டும் நம்புங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் டிராப், அதாவது நாம் கேட்காமலேயே கருவி தானாக அனுப்பும் அறிவிப்பு, வரவில்லை என்றால் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 162ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, டிராப் கிளம்பும் ஐபியும் மென்பொருளில் பதிந்த ஐபியும் ஒன்றா என்று பாருங்கள். டிராப்புக்கு ஒப்புகை கிடையாது, வழியில் விழுந்தால் விழுந்ததுதான். முக்கியமானதற்கு டிராப்பை மட்டும் நம்பாதீர்கள். சிஸ்லாக்கில் (கருவிகள் அனுப்பும் நிகழ்வுக் குறிப்பில்) நேரம் ஐந்தரை மணி தள்ளி இருந்தால் கருவி உலகப் பொது நேரமான யுடிசியில் எழுதுகிறது என்று பொருள். பழைய சிஸ்லாக் வடிவத்தில் நேர மண்டலமோ வருடமோ எழுதும் வழக்கமே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே என்டிபி (கடிகாரத்தைச் சரிசெய்யும் சர்வர்), ஒரே மண்டலம் என்று வைத்துவிடுங்கள்.

சர்வரில் டிஸ்க் நிரம்பினால் கிராஃப் கோப்புகளை அழிக்கப் போகாதீர்கள். ஆர்ஆர்டி கோப்பு பிறக்கும்போதே முழு அளவில் பிறக்கிறது, பிறகு வளராது. வளர்வது சிஸ்லாக் அட்டவணையும் நிகழ்வுப் பதிவும்தான். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 8 என்றால் மாற்றங்களைப் பதியும் பைனரி லாக் தானாகவே ஓடும், 30 நாள் வைத்திருக்கும், அதையும் பாருங்கள். ஜாபிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அதில் ஒவ்வோர் அளவும் டேட்டாபேஸில் வரியாக உட்காருவதால் உண்மையாகவே வீங்கும். பழையதை அழித்தாலும் கோப்பின் அளவு குறையாது, காலியான இடம் உள்ளேயே கிடக்கும். நாள்வாரியாகப் பார்ட்டிஷன் போட்டுப் பழைய நாளை மொத்தமாகக் கழற்றிவிடுவதே அங்கே நடைமுறை.

ஒரு வாரத்துக்கு மேல் பழைய கிராஃபில் உச்சம் குறைந்து தெரிந்தால் அதுவும் கோளாறில்லை. ஆர்ஆர்டி பழைய எண்களை அரை மணி, இரண்டு மணி என்று சராசரியாக்கிச் சுருக்குகிறது. தேர்வு நாளன்று பத்து நிமிடம் இணைப்பு முட்டிநின்றதை அடுத்த மாதம் சராசரிக் கோட்டில் தேடினால் கிடைக்காது. அன்றே படம் எடுத்து வையுங்கள், அல்லது உச்ச அளவுக் கோட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கம்யூனிட்டி இன்னும் ‘பப்ளிக்’ என்றே இருந்தால் இன்றே மாற்றுங்கள், எழுதும் உரிமை உள்ள கம்யூனிட்டி எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள். கண்காணிக்க வாசிப்பு உரிமை போதும். இந்த ஒரு சர்வரில் எல்லாக் கருவிகளின் சாவியும் இருக்கிறது. 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் ஓரியன் சம்பவத்தில் அப்டேட்டுக்குள்ளேயே பின்கதவு நுழைக்கப்பட்டு, சுமார் 18,000 வாடிக்கையாளர் வரை போய்ச் சேர்ந்தது. கண்காணிப்பு மென்பொருளை ஏன் குறிவைத்தார்கள் என்பது உங்கள் சர்வரின் பாஸ்வேர்ட் பக்கத்தைத் திறந்தாலே புரியும். இன்டர்நெட்டிலிருந்து அதன் வெப் பக்கம் தெரியக் கூடாது.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றும் உண்டு: இந்தச் சர்வரே விழுந்தால் யார் சொல்வது? எல்லாம் அமைதியாக இருக்கும், நாமும் நிம்மதியாக இருப்போம். அலர்ட் மெயில் அதே இணைய இணைப்பு வழியாகத்தான் வெளியே போகிறது என்றால், அந்த இணைப்பு அறுந்த செய்தியும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கிளை வளாகத்தில் ஒரு சிறிய பழைய கணினியை வைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை இந்தச் சர்வரைத் தட்டிப் பார்த்து, பதில் இல்லாவிட்டால் அங்கிருக்கும் தனி இணைப்பு வழியாகச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். பத்து வரி ஸ்கிரிப்ட் போதும்.

செய்யும் வரிசை என்று கேட்டால், சிவப்பாக இருக்கும் சுவிட்சுகளின் அணுகல் பட்டியலில் புதிய ஐபியைச் சேர்ப்பது முதலில். பிறகு 10 ஜிபி சுவிட்சின் எஸ்என்எம்பி பதிப்பு, பிறகு கிளை வளாகத்துக்கு மேக்ஸ் ரிப்பீட்டர்ஸ், கடைசியில் தாய், பிள்ளை உறவு. முதல் மூன்றும் ஒரு மதியத்தில் முடியும் வேலை. கிளை வளாகத்தில் 5 வரி வாக்கும் போகாவிட்டால், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுத்த டிசிபிடம்ப்பை வைத்துக்கொண்டு திரும்பக் கேளுங்கள். கம்யூனிட்டி அதில் அப்படியே வெளிப்படையாகத் தெரியும், அனுப்புவதற்கு முன் அதை மறைத்துவிடுங்கள்.